குரல் கொடுக்காத வெட்டு

மலையடிவாரத்து மில் ஊர் ஒன்றில் எஸ்தர் என்ற மர வைத்தியர் இருந்தார். பட்டுப்போன கொப்பை வெட்டி எடுப்பார். பிளந்த மரத்தைக் கம்பி போட்டுக் கட்டுவார். எந்த மரம் நிற்கும், எது நிற்காது என்று சொல்வார்.

அவரிடம் ஒரே ஒரு சீடர். பெயர் தணிகாசலம். குருவைவிட வயதில் மூத்தவர். குரு அவரை அண்ணே என்பார். சீடர் குருவை மேடம் என்பார்.

தணிகாசலம் அந்த ஊர் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவர். தலை நரைத்தது அங்கேதான். ஒரு பொங்கலுக்கு முன்னால் ஆட்களைக் குறைக்கச் சொன்னார்கள். தன் ஷிப்டில் நாற்பது பேரைத் தானே கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினார். பொங்கல் முடிந்ததும் அவரையும் அனுப்பினார்கள். முதலாளி சபாபதி கண்ணாடி அறைக்குள்தான் இருந்தார். வெளியே வரவில்லை.

அதன்பிறகுதான் அவர் எஸ்தரிடம் வந்தார்.

"இந்த வயசுல குரங்கு வேலையா?" என்று மைத்துனர் கேட்டார். தணிகாசலம் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். பிறகு மைத்துனர் வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. மனைவி அவரிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

சேர்ந்த அன்று எஸ்தர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏன் மரம்?"

"மனுஷங்களோட இனிமே வேலை பார்க்க முடியாது, மேடம்."

"மரத்துக்கு அடியில மனுஷங்கதான் நிப்பாங்க" என்றார் எஸ்தர். அதோடு விட்டுவிட்டார்.

தணிகாசலம் சீக்கிரம் கற்றுக்கொண்டார். முடிச்சு போடக் கை வந்தது. உயரம் பயமுறுத்தவில்லை. ஆனால் ரம்பத்தை எடுத்தால் பல்லைக் கடிப்பார். எதிரே இருப்பது மரம் போலவே அவருக்குத் தோன்றாது. மெதுவாக என்று எஸ்தர் கீழிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஒரு ஐப்பசியில் பெருங்காற்று அடித்தது. சபாபதி பங்களாவில் தூங்குமூஞ்சி மரம் ஒன்றின் பெரிய கொப்பு விரிசல் விட்டு, சமையலறை ஓட்டின் மேல் தொங்கியது. எஸ்தரைக் கூப்பிட ஆள் வந்தது.

"அந்த வீட்டுக்கு நான் வரமாட்டேன்" என்றார் தணிகாசலம்.

"சரி. நான் வேற ஆளைப் பார்க்கிறேன்."

எஸ்தர் வண்டியில் கயிறுகளை ஏற்றினார். கிளம்பும்போது தணிகாசலம் வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

சபாபதி மரத்தடியில் நின்றிருந்தார். எஸ்தர் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார். வேலை முடியும்வரை மரத்தடிக்கு யாரும் வரக்கூடாது என்றும் சொன்னார். சபாபதி தலையாட்டினார். பெல்ட் கட்டிக்கொண்டிருந்த தணிகாசலத்தைப் பார்த்தார்.

"உன் பேரு என்னப்பா?"

தணிகாசலத்தின் கை பெல்ட்டிலேயே நின்றது.

"தணிகாசலம்."

"பார்த்து வெட்டு. ஓடு உடையக்கூடாது."

சொல்லிவிட்டு அவர் போனில் பேசப் போய்விட்டார்.

எஸ்தர் வேலையை விளக்கினார். கொப்பில் ஒரு கயிறு. அது மேலே கிளை பிரியும் கவைக்கு ஊடாகப் போய்க் கீழே இறங்கும். மரத்தின் அடியில் அதைச் சுற்றி எஸ்தர் பிடித்துக்கொள்வார். கொப்பை நுனியிலிருந்து சின்னச் சின்னத் துண்டாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் மேலே இருப்பவர் குரல் கொடுக்க வேண்டும். கீழே இருப்பவர் சரி என்று சொன்ன பிறகுதான் வெட்டலாம்.

"முடியுமா, அண்ணே? இன்னைக்கு வேணாம்னா சொல்லுங்க."

"முடியும்."

தணிகாசலம் ஏறினார். முதல் துண்டு ஒழுங்காக இறங்கியது. இரண்டாவது துண்டும் இறங்கியது. கொப்பின் பெரும்பகுதி இன்னும் அப்படியே இருந்தது.

அப்போது சபாபதி போனைக் காதில் வைத்தபடி மரத்தடிக்கு வந்தார். யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். மேலே பார்க்கவில்லை.

தணிகாசலம் அவருடைய வழுக்கையைப் பார்த்தார். வேலை போன அன்று கண்ணாடி அறைக்குள் தெரிந்ததும் அந்தத் தலைதான்.

அவர் மெஷின் ரம்பத்தை முடுக்கினார்.

கொப்பின் நுனியில் கேட்க வேண்டிய சத்தம் கொப்பின் அடியில் கேட்டது. எஸ்தர் நிமிர்ந்து பார்த்தார். மேலே பார்த்துக் கத்தினார். பிறகு சபாபதியைப் பார்த்துக் கத்தினார். ரம்பத்தின் இரைச்சலில் இரண்டு பேர் காதிலும் விழவில்லை. ஓடிப்போய் அவரைத் தள்ளிவிட்டிருக்கலாம். ஓடினால் கயிற்றை விட வேண்டும். எஸ்தர் மரத்தில் இன்னொரு சுற்று சுற்றிக் காலை ஊன்றிக்கொண்டார்.

கொப்பு முழுசாக முறிந்து வந்தது. ஆடிப்போய்ச் சமையலறை ஓட்டை நொறுக்கியது. திரும்பி வந்து கீழே இறங்கியது. கயிறு எஸ்தரை மரத்தோடு சேர்த்து இழுத்து மோதியது. அவர் விடவில்லை. கையுறை கிழிந்து, கயிறு உள்ளங்கையில் ஓடியது.

சபாபதியின் தலைக்கு ஒரு முழம் மேலே கொப்பு நின்றது.

அவர் கையிலிருந்து போன் விழுந்தது. அதை எடுக்காமலே எஸ்தரைத் திட்டினார். "எங்கேருந்து பிடிச்சிட்டு வந்தே இந்த ஆளை? உனக்குத் தொழில் தெரியுமா தெரியாதா?"

"ஓட்டை நாங்க மாத்தித் தர்றோம்" என்றார் எஸ்தர். "மரத்தடிக்கு வராதீங்கன்னு சொல்லியிருந்தேன். இப்பவும் அங்கதான் நிக்கிறீங்க. தள்ளிப் போங்க."

சபாபதி போன பிறகு எஸ்தர் கொப்பை மெல்லத் தரையில் இறக்கினார். கயிற்றில் ரத்தம் இருந்தது.

தணிகாசலம் இறங்கி வந்தபோது எஸ்தர் தோட்டத்துக் குழாயடியில் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றார். தோல் உரிந்திருந்தது.

"அவர் வந்து நின்னதை நான் பார்த்தேன், மேடம்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் குரல் கொடுக்கல."

"அதுவும் தெரியும்."

"தலையில விழட்டும்னு நெனச்சேன். இப்பவும் கோபம் போகல. விழுந்திருந்தா போயிருக்குமோ என்னவோ."

எஸ்தர் துண்டின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, கையைச் சுற்றிக் கட்டினார். தணிகாசலம் உதவக் கையை நீட்டினார். எஸ்தர் கையை இழுத்துக்கொண்டார்.

"நான் இதுக்கு லாயக்கில்லை" என்றார் தணிகாசலம். "இன்னையோட நின்னுக்கறேன்."

"நின்னுட்டா? அந்தப் பக்கத்துக் கொப்பும் பட்டுப் போயிருக்கு. இந்தக் கை ஆறினதும் நான் ஏறி எடுக்கணும். கீழே கயிறு பிடிக்க நீங்க வரணும்."

"நானா? இதுக்கு அப்புறமும் என்னை நம்புவீங்களா?"

"நம்பிக்கையைப் பத்தி நான் எதுவும் சொல்லல. வரணும்னு சொன்னேன்."

எஸ்தரின் குரல் உயரவில்லை. ஆனால் அவர் முகம் அப்படி இறுகித் தணிகாசலம் பார்த்ததில்லை. அவருக்குத் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லியே ஆகவேண்டும் போலிருந்தது.

"இருபது வருஷத்துக்கு மேல அவன் மில்லுல இருந்தேன், மேடம். கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் போய் நின்னிருக்கேன். அவன் என்னைப் பார்த்து, உன் பேரு என்னன்னு கேட்கிறான். பேரைக் கேட்கிறான், மேடம்."

எஸ்தர் குழாயை மூடினார்.

"மேலே ரம்பத்தை வைக்கும்போது, கீழே கயிறு பிடிச்சிருந்தவ பேரு உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சா, அண்ணே?"