பெண் இல்லாத பந்தல்

அந்த ஆய்வகத்தில் மதியத்துக்குள் எல்லோரும் ஓய்ந்துவிடுவார்கள். மெஷின் மட்டும் ஓயாது. கேட்கக் கேட்கப் பதில் சொல்லும்.

ரத்தப் பரிசோதனைகளைச் சரிபார்க்கும் டாக்டர் ரெஜினா கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் மேல்படிப்புப் படிக்கும் இளம்பரிதி ரிப்போர்ட்டோடு வந்து நின்றான்.

“செல்லக்கிளியோடது மேடம். கர்ப்ப ஹார்மோன் இன்னும் இறங்கலை.”

செல்லக்கிளிக்குக் கர்ப்பம் இல்லை. ஸ்கேனில் கட்டியும் இல்லை. ரத்தத்தில் மட்டும் ஹார்மோன் ஏறியே இருந்தது. எங்கோ புற்றுநோய் ஒளிந்திருக்கிறது என்று கீமோ ஊசி போட்டார்கள். முடி கொட்டியதுதான் மிச்சம். நாளைக் காலையில் கர்ப்பப்பையையே எடுக்கப்போகிறார்கள். இன்னும் பிள்ளை பெறாதவள், பாவம்.

“திரும்பப் பார்த்தியா?”

“பல தடவை பார்த்தாச்சு மேடம். அதே பதில்தான்.”

“ஒரே ஆளைத் திரும்பத் திரும்பக் கேட்டா, ஊரையே கேட்டதா ஆயிடுமா? போய் அவ யூரின் சாம்பிள் வாங்கிட்டு வா.”

வாங்கி வந்து சோதித்தான். ஹார்மோன் துளியும் இல்லை. ரெஜினாவிடம் ஓடி வந்தான்.

“ரத்தத்தில இவ்வளவு இருந்தா யூரின்லயும் இருக்கணுமே மேடம்?”

“நிஜமா இருந்தா இருக்கும்.”

“அப்போ ஹார்மோன் இருக்குன்னு மெஷின்ல எப்படி லைட் எரியுது?”

ரெஜினாவுக்குப் பேசவே அலுப்பாக இருந்தது. ஆனாலும் சொன்னார்.

“நம்ம டெஸ்ட் கிட்ல ஹார்மோனைப் பிடிக்க எலிகிட்டேருந்து எடுத்த எதிர்ப்பொருள் ரெண்டு இருக்கில்ல, அதை ரெண்டு சம்பந்தி வீடுன்னு வெச்சுக்கோ. ஹார்மோன்தான் பொண்ணு. பொண்ணு நடுவில வந்தா ரெண்டு வீடும் சேரும், பந்தல்ல லைட் எரியும். இவ ரத்தத்துல இவளோட எதிர்ப்பொருளே ஒண்ணு தரகர் வேலை பார்த்திருக்கு. பொண்ணே இல்லாம ரெண்டு வீட்டையும் சேர்த்து வெச்சிடுச்சு. அந்தத் தரகர் யூரினுக்குள்ள இறங்க மாட்டார், அதான் அங்க லைட் எரியலை. நாம லைட்டைப் பார்த்துட்டு மொய் எழுதிட்டோம்.”

ஆபரேஷனை நிறுத்தச் சொல்லி அவரே போன் செய்தார். போட்ட ஊசியைத் திரும்ப எடுக்கத்தான் வழியில்லை.

இளம்பரிதி நகராமல் நின்றான்.

“அந்தம்மாகிட்ட என்ன சொல்றது மேடம்? மெஷின் ஏமாத்திடுச்சுன்னு சொல்லிடவா?”

ரெஜினா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“ரிப்போர்ட்ல மெஷினா கையெழுத்துப் போட்டுச்சு? நீயும் நானும் போட்டோம். வா, ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லுவோம்.”