நம்ம செக்‌ஷன் இல்லீங்க

தாலுகா ஆபீஸில் ஓய்வு பெற்ற பிறகுதான் நாச்சிமுத்துவுக்கு ஞானம் தேடவேண்டும் என்று தோன்றியது. அவருக்குக் கிடைத்த குருவுக்கோ இன்னும் தலைகூட நரைக்கவில்லை. குருவின் பெயர் பூவாத்தாள். சீடர் குருவை அம்மா என்பார், குரு சீடரை ஐயா என்பார். புதிதாக வருகிறவர்கள் யார் யாரிடம் பாடம் கேட்கிறார்கள் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முழிப்பார்கள்.

மடம் என்று பேருக்குச் சொல்வதுதான். கோபி டவுனுக்கு வெளியே புதிதாக முளைத்த நகர் ஒன்றின் கடைசித் தெருவில் ஒரு வாடகை வீடு. வியாழக்கிழமை சாயங்காலம் பத்துப் பேர் வந்து கண்ணை மூடி உட்காருவார்கள். கண்ணைத் திறந்ததும் சுண்டல் கிடைக்கும். பூவாத்தாள் அதிகம் பேசமாட்டார். அந்தக் குறையை நாச்சிமுத்து தீர்த்துவைப்பார்.

வேலையில் இருந்த காலத்தில் அவர் நாக்கில் ஒரு வாக்கியம் ஒட்டிக்கொண்டிருந்தது. 'நம்ம செக்‌ஷன் இல்லீங்க.' பட்டா கேட்டு வந்தவருக்கும் அதுதான், முதியோர் பென்ஷன் கேட்டு வந்தவருக்கும் அதுதான். ஆபீஸ் வாசலில் நின்று பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டவரிடமும் ஒருமுறை அதையே சொல்லிவிட்டார். ஆனால் ஒன்று. ஒருவர் கையிலிருந்தும் ஒரு டீகூட வாங்கிக் குடித்தவரில்லை. அந்த நல்ல பேர்தான் அவர் சேர்த்த சொத்து. அதை வைத்துத்தான் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தார்.

அவர் வீட்டுக்கும் மடத்துக்கும் நடுவில் சாந்தாமணியின் வீடு. புருஷனும் பெண்டாட்டியுமாகத் தறி ஓட்டிக் கட்டிய வீடு. தறி நின்றது, தவணையும் நின்றது. வங்கிக்காரர்கள் வந்து கதவைப் பூட்டி அரக்கு வைத்து, சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் வங்கியின் உடைமை என்றும் கீழே ஒரு போன் நம்பரும் எழுதிவிட்டுப் போனார்கள்.

சாமான்களை டெம்போவில் ஏற்றிய பிறகு சாந்தாமணி, பூவாத்தாள் துணைக்கு வர, தெருவில் ஒவ்வொரு கேட்டாக நின்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

"போய்ட்டு வாரனுங்க ஐயா."

நாச்சிமுத்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "போய்ட்டு வா அம்மிணி" என்றார். பேப்பரைக் கொஞ்சம் இறக்கித்தான் சொன்னார். அந்த மட்டும் மரியாதை தெரிந்தவர்.

அதன் பிறகு அந்த வீட்டுக்குள் யாரும் போகவில்லை. முன்வாசலில் பார்த்தீனியம் இடுப்பளவு வளர்ந்தது. தெருக்காரர்கள் முதலில் ஒரு குப்பைப் பையைச் சுவருக்கு மேல் வீசினார்கள். ஒரு பை விழுந்த இடத்தில் அடுத்த பையை வீச யாருக்கும் கூச்சமில்லை. மூடியில்லாத தண்ணீர்த் தொட்டியில் மழை நிறைந்து நின்றது. அதிலிருந்து கிளம்பிய கொசுவுக்கு வீட்டு நம்பர் பார்த்துக் கடிக்கத் தெரியவில்லை.

நாச்சிமுத்துவின் மனைவி ருக்குமணிக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை. ரத்தத்தில் அணுக்கள் குறைந்துகொண்டே போகின்றன என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் நாச்சிமுத்து ரத்தப் பரிசோதனைச் சீட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பூவாத்தாள்தான் கூட இருந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கஞ்சி கொண்டுவந்தார், பாத்திரத்தைக் கழுவி எடுத்துப் போனார், மறுபடி கஞ்சி கொண்டுவந்தார்.

ருக்குமணி பிழைத்து வீடு வந்து சேர்ந்தாள். மறுநாள் நாச்சிமுத்து ஒரு சீப்பு பூவன் பழத்தோடு மடத்துக்குப் போனார். நன்றி சொல்லத்தான் போனார். கும்பிட்ட கை இறங்குவதற்குள் கண் நிறைந்துவிட்டது.

"அவ இல்லாமப் போயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பனுங்க அம்மா."

"பழத்தை அங்க வைங்க ஐயா. உக்காருங்க."

உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுப் புதர் தெரிந்தது. நன்றி ஒரு பக்கம் தள்ளி நிற்க, கோபம் முன்னால் வந்தது.

"ஒண்ணு கேக்கறனுங்க அம்மா. அந்த ஊட்டைச் சுத்தமா வெச்சுக்க வேண்டிய பொறுப்பு யாருக்கு?"

"யாருக்குங்க?"

"அதைத்தானுங்க கேக்கறேன். வங்கியில கேட்டா, ஏலம் போற வரைக்கும் பூட்டுக்குத்தான் நாங்க பொறுப்புங்கறான். நகராட்சியில கேட்டா தனியார் இடத்துல கை வெக்க மாட்டோங்கறான். சாந்தாமணிக்கு அது இப்பச் சொந்தமில்லை. தெருக்காரங்க, எனக்கென்னங்கறாங்க. எல்லாரும் நம்ம செக்‌ஷன் இல்லைன்னா அப்ப எவன் செக்‌ஷனுங்க அது?"

சொல்லி முடித்த பிறகுதான் கடைசி வாக்கியம் அவர் காதிலேயே விழுந்தது. ஆனாலும் கேள்வி கேள்விதானே.

பூவாத்தாள் ஜன்னல் பக்கம் திரும்பினார். போனை எடுத்து, பக்கத்து வீட்டுச் சுவரில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்து அழுத்தினார்.

"வணக்கமுங்க. இந்த ஊட்டு வாசலைக் கூட்டலாமுங்களா?"

அந்தப் பக்கம் வங்கிக்காரன் கேள்வியை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னான். இப்படி ஒரு கேள்வியை அந்த ஆள் தன் உத்தியோகத்தில் கேட்டதில்லை போலிருக்கிறது. பிறகு, பூட்டைத் தொடாதீர்கள், மற்றபடி உங்கள் இஷ்டம் என்றான்.

பூவாத்தாள் மூலையிலிருந்த சீமாற்றை எடுத்தார். நாச்சிமுத்து எழுந்தார். குரு எழுந்தால் சீடர் உட்கார்ந்திருக்க முடியாது. அந்த ஒரு விதி அவருக்குத் தெரியும்.

"நான் கேட்ட கேள்விக்குப் பதிலுங்க அம்மா?"

"அந்த வாளியை எடுத்துக்கங்க ஐயா."

குப்பைப் பைகளை வெளியே எடுத்தார்கள். பார்த்தீனியத்தைப் பிடுங்கினார்கள். கை அரித்தது. நாச்சிமுத்து தொட்டியைக் குனிந்து பார்த்தார். தண்ணீர் முழுக்கக் கொசுப்புழு நெளிந்தது. ருக்குமணி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த கோலம் கண்முன் வந்தது. வெறி பிடித்தவர்போல வாளி வாளியாக மொண்டு வெயிலில் கொட்டினார். தொட்டி காய்ந்ததும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் பசி எடுத்துச் சாப்பிட்டார்.

மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். பார்த்தீனியத்துக்கு அடியில் சாந்தாமணி வைத்த கறிவேப்பிலைச் செடி மூச்சை வைத்துக்கொண்டிருந்தது. அதற்குத் தண்ணீர் ஊற்றினார். தினமும் ஒருமுறையாவது கேட்டுவிடுவார்.

"அம்மா, பொறுப்பு யாருதுன்னு நீங்க இன்னும் சொல்லலீங்களே."

"அந்த மூலையில சருகு கெடக்குதுங்க ஐயா."

தெரு சும்மா இருக்குமா? டீக்கடையில் ஒருவன் ஆரம்பித்தான். "ஐயா எதுக்கு அந்த ஊட்டைக் கூட்டிப் பெருக்கறாருன்னு நெனைக்கிறீங்க? ஏலத்துல அமுக்கப் போறாருங்க. ரெண்டு ஊட்டுக்கும் நடுவுல இருக்கற சுவத்தை இடிச்சாப் போதும், ஒரே ஊடாயிரும்."

பேச்சு தெரு முழுக்கச் சுற்றி, நாச்சிமுத்து பால் வாங்கப் போன இடத்தில் அவர் காதுக்கே வந்தது. பால்காரன் நல்ல மனசோடுதான் கேட்டான். "எப்பங்க ஐயா ஏலம்? நம்மளுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

நாச்சிமுத்துவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஒரு டீ குடிக்காமல் காப்பாற்றிய பேர், வாசல் கூட்டப் போய் நாறிவிட்டதே என்று துடித்துப்போனார். நேரே மடத்துக்கு வந்தார்.

"நான் இனி வரலீங்க அம்மா. என்ற பேரே கெட்டுப்போச்சு."

"சரிங்க ஐயா."

அப்படிச் சொல்லாதீர்கள், வாருங்கள் என்று சொல்வார் என எதிர்பார்த்திருந்தார். அந்தச் 'சரி' அவரை இன்னும் கொஞ்சம் புண்படுத்தியது.

அன்றிலிருந்து அந்த வீட்டுப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. பால் வாங்கக்கூடத் தெருவின் மறுகோடி வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். மடத்துக்கும் போகவில்லை. வியாழக்கிழமை சுண்டல் வாசனை வரும்போது மட்டும் மனசு கொஞ்சம் ஆட்டம் கண்டது.

மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டித் திருவிழா தொடங்கிய சமயம். ஒரு மத்தியான நேரம், கேட்டுக்கு வெளியே யாரோ விசும்பும் சத்தம் கேட்டு நாச்சிமுத்து எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டு வாசலில் சாந்தாமணி நின்றுகொண்டிருந்தாள். ஆள் இளைத்திருந்தாள். கையில் தீர்த்தக் குடம். பூவாத்தாளும் மடத்திலிருந்து வெளியே வந்து நின்றார்.

நாச்சிமுத்து பக்கத்தில் போனார். அப்போதுதான் அந்த வாசலைப் பார்த்தார். கூட்டி, தண்ணீர் தெளித்து, நடுவில் பளிச்சென்று ஒரு கோலம். நான்கு மூலையிலும் சுழி இழுத்து முடிக்கிற கோலம். அந்தச் சுழி யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? அவர் வீட்டு வாசலில் தினமும் விழுகிற சுழிதான். ருக்குமணி எழுந்து நடமாட ஆரம்பித்ததிலிருந்து, அவர் விட்ட சீமாற்றை அவள் எடுத்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"கோயிலுக்கு வந்தனுங்க ஐயா" என்றாள் சாந்தாமணி. "இந்தப் பக்கம் வரவே கூடாதுன்னுதான் இருந்தேன். காலு கேக்கலை. முக்குல நின்னு பாத்துட்டுத் திரும்பிரலாம்னு வந்தேன். எழவு விழுந்த ஊடு மாதிரிக் கெடக்கும்னு நெனச்சனுங்க. கோலம் போட்டிருக்குது."

மேலே பேச முடியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இனி இது எங்கூடு இல்லீங்க. அது தெரியும். ஆனா பூட்டுன கதவும் செவப்புப் பெயின்ட்டுந்தான் என்ற கண்ணுக்குள்ளயே நின்னுட்டு இருந்துச்சு. இனிமே இந்தக் கோலந்தான் நிக்கும். எனக்கு இது போதுமுங்க."

நாச்சிமுத்து கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நகர்ந்து நின்றார்.

"நீங்கதான் மொதல்ல ஆரம்பிச்சீங்கன்னு டீக்கடையில சொன்னாங்க" என்றாள். "இன்னொண்ணும் சொன்னாங்க. நீங்களே ஏலத்துல எடுக்கப் போறீங்களாமா."

நாச்சிமுத்து பதறினார். "ஐயோ அம்மிணி, சத்தியமா இல்ல."

"இருந்தாத்தான் என்னங்க ஐயா? எடுங்க. யாரோ முகந்தெரியாதவங்க கைக்குப் போறதுக்கு, வாசல் கூட்டுன கைக்குப் போகட்டும். நான் மனசாரச் சொல்றேன்."

எந்தப் பேச்சு தன் பேரைக் கெடுத்துவிட்டது என்று அவர் அந்த வாசலைக் கண்டாலே ஒளிந்தாரோ, அதையே இவள் கும்பிட்டுக் கொடுக்கிறாள். நாச்சிமுத்து தலை குனிந்து நின்றார்.

"நான் பாதியில உட்டுப்போட்டேன் அம்மிணி. மிச்சத்தைக் கூட்டுனது இவங்களும் எங்கூட்டுக்காரியும்."

சாந்தாமணி சிரித்தாள். அழுத முகத்தில் அந்தச் சிரிப்பு நன்றாக இருந்தது. கறிவேப்பிலையில் ஒரு கொத்து ஒடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அவளே வைத்த செடிக்கு அவளே உத்தரவு கேட்டாள். பூவாத்தாள் கை நிறைய ஒடித்துக் கொடுத்தார். ருக்குமணி தன் வீட்டிலிருந்து மோர் கொண்டுவந்து கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை ஒரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸுக்கு நேரமாயிற்று. சாந்தாமணி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"போய்ட்டு வாரனுங்க ஐயா."

நாச்சிமுத்து தெருமுனைவரை கூடவே நடந்தார். பஸ் வந்து நின்றது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்காரும்வரை காத்திருந்தார்.

"போய்ட்டு வா அம்மிணி" என்றார்.

திரும்பி வந்தபோது பூவாத்தாள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, அன்னைக்கே கேட்டனுங்க. இந்த வாசலுக்கு யார் பொறுப்புன்னு. இன்னைக்கு வரைக்கும் நீங்க வாயைத் தொறக்கலை."

"நான் எதுக்குங்க ஐயா சொல்லோணும்? அந்தப் புள்ள ஊட்டை உட்டுப் போன அன்னைக்கே நீங்கதான் சொல்லிப்போட்டீங்களே."

"நானுங்களா? என்னத்தைச் சொன்னனுங்க?"

"'போய்ட்டு வா'ன்னு சொன்னீங்க. வரச் சொன்னவரு நீங்கதானுங்க."