கடை வாசலில் நன்றாக ஓடிய வண்டி

ஒச்சப்பனுக்கு வயது நாற்பத்தொன்பது. அவருடைய குருவுக்கு முப்பத்தாறு.

போடியில் மலைச்சாலை ஏறத் தொடங்கும் இடத்தில் மைமூனின் மோட்டார் சைக்கிள் பட்டறை இருந்தது. தகப்பனாரிடம் தொழில் கற்று, அவர் காலமான பிறகு தனியாகவே நடத்தி வந்தார். ஒச்சப்பன், தான் வேலை பார்த்த நூல் மில் மூடப்பட்டபின் வேலை கேட்டு வந்தவர். வந்த அன்றே "வாத்தியாரம்மா" என்று கூப்பிட்டார். "அண்ணே, பேர் சொல்லியே கூப்பிடுங்க" என்று மைமூன் எத்தனையோ தடவை சொல்லியும் அவர் வாயில் பெயர் வரவில்லை.

முதல் நாள் மைமூன் அவருக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார்.

"வண்டி உள்ள வந்ததும் ஸ்பேனரை எடுக்காதீங்கண்ணே. மூடியைத் தொறந்து பெட்ரோல் இருக்கான்னு பாருங்க. பாதி வண்டி அதுலயே சரியாயிரும்."

ஒச்சப்பன் அதைச் சாமி கும்பிடுவதுபோல் கடைப்பிடித்தார். எந்த வண்டி வந்தாலும் முதலில் டேங்க் மூடியைத் திறப்பார், உள்ளே எட்டிப் பார்ப்பார், வண்டியை ஒரு ஆட்டு ஆட்டுவார். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

மூன்றாவது வருஷம் லிங்கேஷ் என்ற பையனின் வண்டி வந்தது. மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் எடை போடும் வேலை அவனுக்கு. பழைய வண்டி ஒன்று வாங்கியிருந்தான். அது ஊரைக் கூட்டும்படி உறும வேண்டும் என்பது அவன் ஆசை. பெரிய சைலன்சர், காற்றை அள்ளிக் குடிக்கும் திறந்த ஏர் ஃபில்டர், அதற்குத் தோதாகக் கார்புரேட்டரில் பெட்ரோலைக் கூடுதலாக விடும் பெரிய ஜெட் என்று எல்லாம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"இதை முழுசா நீங்களே பண்ணுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு மைமூன் மதுரைக்குப் போனார். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்.

ஒச்சப்பன் தனியாகச் செய்த முதல் வண்டி அதுதான். ஒவ்வொரு நட்டையும் துடைத்துத் துடைத்து மாட்டினார். எல்லாம் முடிந்து தள்ளி நின்று பார்த்தபோது டேங்க் மூடி மட்டும் துருவேறிக் கண்ணை உறுத்தியது. கடையில் கிடந்த பூட்டு வைத்த புது மூடி ஒன்றை எடுத்து மாட்டினார். பளபளவென்று இருந்தது.

"இது என் சார்பா" என்று லிங்கேஷிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு அவருக்கு நிம்மதி போயிற்று.

வண்டி மலையில் நின்றுவிடுகிறது என்று லிங்கேஷ் திரும்பி வந்தான். ஒச்சப்பன் மூடியைத் திறந்தார், பெட்ரோல் இருந்தது. பிளக்கை மாற்றினார். பஸ் ஸ்டாண்டு வரை ஓட்டிப் பார்த்தார். வண்டி பாட்டுப் பாடியது. மறுபடி வந்தான். மூடியைத் திறந்தார், பெட்ரோல் இருந்தது. பெரிய ஜெட்டைக் கழற்றிச் சிறியதை மாட்டினார். வண்டி பாடியது. மூன்றாவது தடவையும் வந்தான். திறந்த ஃபில்டரைக் கழற்றிப் பழையதையே மாட்டி, கார்புரேட்டரையும் பிரித்துக் கழுவினார். அன்றும் அது பாடத்தான் செய்தது.

"உங்க மூஞ்சியைக் கண்டா மட்டும் ஒழுங்கா ஓடுதுண்ணே. பேசாம நீங்களே எங்கூட பின்னால உக்காந்து வந்துருங்க" என்றான் லிங்கேஷ்.

ஒச்சப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மைமூன் மதுரையிலிருந்து திரும்பிய அன்று மத்தியானம் அந்த வண்டி எஞ்சின் சத்தமே இல்லாமல் சரிவில் உருண்டு வந்து பட்டறை முன் நின்றது. லிங்கேஷின் முகம் வெளுத்திருந்தது. பின்னால் அவன் மனைவி ரேணுகா. ஏழு மாதக் கர்ப்பிணி. ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வீட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தவர்கள்.

அவள் இறங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிய பிறகுதான் பேசினாள்.

"வளைவுல ஏறும்போது நின்னு போச்சு. நின்னா பரவால்ல, பின்னால உருளுது. பின்னாடி ஒரு லாரி. லாரிக்காரர் புண்ணியவான், பிரேக் அடிச்சுட்டார். இவர் ரெண்டு காலையும் ஊனிக்கிட்டு நிக்கிறார், காலு ரெண்டும் தந்தியடிக்குது."

"உனக்கு மட்டும் அடிக்கலையாக்கும்" என்றான் லிங்கேஷ்.

"எனக்கும் அடிச்சுது. உள்ள இருக்கிறதுக்கும் சேர்த்து அடிச்சுது."

ஒச்சப்பன் கையிலிருந்த ஸ்பேனரை மைமூன் முன்னால் மேஜைமேல் வைத்தார்.

"வாத்தியாரம்மா, எனக்கு இந்தத் தொழில் வேண்டாம். நாளையிலேர்ந்து வரல. என் கையில ஏதோ குறை இருக்கு. இன்னைக்கு மூணு உசுரு போயிருக்கும்."

"என்ன குறை?"

"தெரிஞ்சா சரி பண்ணியிருக்க மாட்டேனா? மூணு தடவை பிரிச்சு மாட்டிட்டேன், இங்க நல்லா ஓடுது, மலையில நிக்குது."

"சரி. தெரிஞ்சுக்கிட்டே போங்க" என்றார் மைமூன்.

போகிறேன் என்று சொன்னவர்தான். ஆனாலும் கால் தானாக வண்டியிடம் போயிற்று. சாவிக்கொத்தில் மூடிச் சாவியைத் தேடினார்.

"தொடாதீங்கண்ணே."

ஒச்சப்பன் திடுக்கிட்டுக் கையை எடுத்தார்.

"பெட்ரோல் பாக்கணுமே."

"இன்னைக்குப் பாக்க வேண்டாம்."

அவர் சொல்லிக் கொடுத்த பாடத்தை அவரே வேண்டாம் என்கிறார். ஒச்சப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னை இனிமேல் வண்டியைத் தொடவே விடமாட்டார் போல என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

மைமூன் லிங்கேஷிடம் ஒன்றும் கேட்கவில்லை. ரேணுகாவிடம் கேட்டார்.

"நின்ன பிறகு எப்படிம்மா கிளம்பும்?"

"அதுவா? இவர் உதைப்பார். திட்டுவார். அப்புறம் கெஞ்சுவார். நான் போய்ச் சாலையோரச் சுவத்துல உக்காந்து ஒரு ஆரஞ்சு உரிச்சுத் தின்னுட்டு வருவேன். அதுக்குள்ள அதுவே கிளம்பிரும். கொஞ்ச தூரம் போய் மறுபடி நிக்கும்."

"நீ ஆரஞ்சு தின்னதாலயா கிளம்புது?" என்றான் லிங்கேஷ்.

"நீங்க கெஞ்சினதால மட்டும் கிளம்புதா?"

மைமூன் சிரித்தார். டேங்கை விரல் முட்டியால் தட்டிச் சத்தத்தைக் கேட்டார். பெட்ரோல் பாதிக்கு மேல் இருந்தது. வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

"பின்னால ஏறுங்கண்ணே."

ஒச்சப்பன் கூச்சத்தோடு ஏறினார். எதிர்க்கடை டீ மாஸ்டர் சும்மா விடவில்லை.

"என்ன ஒச்சப்பா, பொம்பளைக்குப் பின்னால ஊர்வலமா?"

"பொம்பளை இல்லப்பா, வாத்தியார்" என்றார் ஒச்சப்பன்.

வண்டி உறுமிக்கொண்டு மலை ஏறியது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. பலா மரங்கள் கீழே இறங்கின. நன்றாகத்தான் போயிற்று. நாலாவது வளைவைத் தாண்டியதும் திக்கியது, இருமியது, நின்றது. மைமூன் காலை ஊன்றி, வண்டியை ஓரத்துக்குத் தள்ளி, ஒரு கல்லைச் சக்கரத்துக்கு அணை கொடுத்தார்.

ஒச்சப்பன் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கார்புரேட்டரைக் கழட்டிப் பாத்துருவோமா?"

"வேண்டாம்."

"பிளக்கு?"

"அந்தச் சுவத்துல உக்காருங்க."

"உக்காந்து?"

"ஆரஞ்சு இல்ல. சும்மாதான் உக்காரணும்."

இருவரும் உட்கார்ந்தார்கள். எஸ்டேட் ஜீப் ஒன்று ஆட்களை அடைத்துக்கொண்டு போயிற்று. ஒச்சப்பன் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைச் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து மைமூன் எழுந்து உதைத்தார். வண்டி கிளம்பியது. ஏறினார்கள். ஒரு வளைவுகூடத் தாண்டவில்லை, மறுபடி திக்கி நின்றது.

ஒச்சப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணே, வண்டி கடைக்குள்ள வந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?"

"மூடியைத் தொறந்து பெட்ரோல் பாப்பேன்."

"இப்பப் பாருங்க."

"கடையில வேண்டாம்னீங்களே?"

"இப்பப் பாக்கலாம்."

ஒச்சப்பன் சாவியைப் போட்டுத் திருப்பினார். மூடி வரவில்லை. டேங்கு அதைப் பிடித்து வைத்திருந்தது. அழுத்தித் தூக்கினார்.

உஸ்ஸ்ஸ்.

டேங்கு காற்றை உள்ளே இழுத்தது. உள்ளங்கையில் அந்த இழுப்புத் தெரிந்தது. ஒச்சப்பன் அப்படியே நின்றார்.

"உதைங்க" என்றார் மைமூன்.

ஒரே உதை. வண்டி கிளம்பிவிட்டது. மலை அதிர உறுமியது.

ஒச்சப்பன் மூடியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. விரலால் தடவினார். பழைய துருப்பிடித்த மூடியில் ஊசி முனை அளவு ஓட்டை இருக்கும். இதில் இல்லை.

"வாத்தியாரம்மா… எண்ணெய் டின்னுல ஒரு ஓட்டை மட்டும் போட்டா…"

"சொல்லுங்க."

"எண்ணெய் வராது. காத்து போறதுக்கு இன்னொரு ஓட்டை போடணும். வீட்டுல தெனமும் செய்யறதுதானே இது!"

"ம்."

"பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காத்து போகணும். இந்த மூடி விடல. அதான் நின்னுருச்சு. நின்னு கிடந்தா மூடி வாஷர் இடுக்குல கொஞ்சம் கொஞ்சமா காத்து போகும். மறுபடி கிளம்பும்."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். முகம் மாறியது.

"கடைக்கு வந்ததும் நான்தான் மூடியைத் தொறந்தேன். மூணு தடவையும். காத்தை நானே உள்ள விட்டுட்டு, ஓடுது ஓடுதுன்னு ஓட்டிப் பாத்தேன். பஸ் ஸ்டாண்டு போய் வர அந்தக் காத்து போதுமே!"

அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. எதைத் துடைப்பது என்று தெரியாமல் மூடியைத் துடைத்தார்.

மூடியைப் பூட்டாமல் லேசாக வைத்துக்கொண்டு பட்டறைக்கு இறங்கினார்கள். ஒச்சப்பன் பழைய மூடியைத் தேடியெடுத்தார். ஓட்டையில் ஊசியை விட்டுத் துருவைத் தட்டினார், ஊதினார், மாட்டினார். பிறகு யாரையும் கேட்காமல் தானே ஏறி மலைக்குப் போனார். கடைசி வளைவு வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். வந்தபோது தலைமுடி எல்லாம் பின்னால் படிந்திருந்தது. மில்லில் வேலை பார்த்த காலத்திலும் அவர் அவ்வளவு வேகமாக எங்கும் போனதில்லை.

"நிக்கல!" என்றார் வண்டியிலிருந்து இறங்காமலே. "ஒரு எடத்துலயும் நிக்கல!"

ரேணுகா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"அண்ணே, உங்களை நம்பி ஏறலாமா?"

ஒச்சப்பன் டேங்க் மூடியை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார்.

"ஏறும்மா. ஆனா போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போட்டுரு. அதுவரைக்கும் நான் கடையைப் பூட்டல."

"அப்படியே அந்தச் சைலன்சரையும் கழட்டிருங்கண்ணே. புள்ளை உள்ள இருந்தே காதைப் பொத்துது."

"அது மட்டும் இருக்கட்டும்டி" என்றான் லிங்கேஷ்.

இருவரும் மைமூனைப் பார்த்தார்கள்.

"அது உங்க வீட்டு வழக்கு" என்றார் மைமூன். "இங்க தீராது."

வண்டி உறுமிக்கொண்டு போயிற்று. அந்தச் சத்தம் வளைவு வளைவாக மேலே ஏறியது. ஒச்சப்பன் பட்டறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் ஒரு வளைவில் மறையும், அடுத்ததில் வரும். மறையும்போதெல்லாம் அவருக்கு மூச்சு நின்றது. கடைசியில் சத்தம் நின்றே போயிற்று. தூரத்தினாலா, வண்டி நின்றதாலா என்று தெரியவில்லை.

டீ வந்தது. ஆறிப்போயிற்று.

விளக்கு வைக்கும் நேரத்தில் போன் அடித்தது. ரேணுகா.

"வீட்டுக்கு வந்துட்டோம்ணே. நிக்கவே இல்ல. சுவத்துல உக்காரலாம்னு ஆரஞ்சு வாங்கி வச்சிருந்தேன். நிறுத்தச் சொன்னாக்கூட இவர் நிறுத்த மாட்டேனுட்டார்."

ஒச்சப்பன் போனை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். உடம்பெல்லாம் லேசாகிப் போயிருந்தது. ஆறின டீயை ஒரே மூச்சில் குடித்தார். மேஜைமேல் கிடந்த ஸ்பேனரை எடுத்து அதனிடத்தில் மாட்டினார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று கேட்டார்.

"வழக்கம்போலத்தான்."

மைமூன் பட்டறைக் கதவை இழுத்துக்கொண்டிருந்தார். ஒச்சப்பன் மறுபக்கம் பிடித்துக் கொடுத்தார்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க வாத்தியாரம்மா. மூடியைத் தெனம் என் கையால தொறக்கிறேன். எனக்கு ஏன் பிடிபடல?"

"மலையில வண்டி நின்னுச்சு. நின்னதுக்குக் காரணம் தேடினீங்களா?"

"தேடினேனே. பிளக்கு, ஜெட்டு, ஃபில்டர்னு எல்லாத்தையும் பிரிச்சுத் தேடினேன்."

"கடை வாசல்ல நல்லா ஓடுச்சு."

"ஆமா, ஓடுச்சு."

"அதுக்குக் காரணம் தேடினீங்களா?" என்றார் மைமூன்.