மூன்றாவது ஃபில்டர்

நல்லசிவத்திடம் தொழில் கற்றுக்கொள்ள வந்தபோது காளியண்ணனுக்கு நாற்பத்தேழு வயது. குருவுக்கு முப்பத்தைந்து. நூல் மில் மூடியதும் வேறு வேலை தேடி வந்தவர் காளியண்ணன். வயதில் மூத்தவர் என்பதால் குரு சீடனை ‘அண்ணே’ என்பார். சீடன் குருவை ‘மேஸ்திரி’ என்பார். கரூருக்குத் தெற்கே, கல்குவாரிகளில் ஓடும் பொக்லைன் இன்ஜின்களைப் பார்க்கிற பட்டறை அவர்களுடையது.

ஒரு நாள் காலையில் காளியண்ணன் ஒரு கேள்வியோடு வந்தார்.

“மேஸ்திரி, மருந்து கேட்டுருச்சுன்னா நோய் அதுதானுங்களே?”

நல்லசிவம் ஒரு பம்ப்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எந்த மிஷினு?”

“சென்னியப்பன் குவாரி மிஷினுங்க. ஓட ஓட இன்ஜின் அமுங்கிப்போகுது. பக்கெட் கல்லைத் தூக்க மாட்டேங்குது. கேஜ் மாட்டிப் பார்த்தேன். டீசல் பிரஷர் இறங்கிக் கிடக்கு. ஃபில்டர் மாத்துனேன். முள்ளு நேரா மேல ஏறிருச்சு.”

“அப்புறம்?”

“அடுத்த நாள் மறுபடியும் அமுங்குதுன்னாங்க. மறுபடியும் மாத்துனேன். மறுபடியும் ஏறிருச்சு.”

“சரி.”

“புது ஃபில்டர் ஒரு நாள் தாங்கலைன்னா டீசல்ல என்னமோ கலந்திருக்கு. பேரல்ல இருந்து டீசல் ஊத்துறது ஆபரேட்டர் ஆரோக்கியம். மொதலாளிகிட்ட சொல்லிட்டேன்.”

துணி நின்றது.

“என்னன்னு?”

“டீசலை வித்துட்டு, கண்டதை ஊத்தி அளவு காட்டுறான் போலன்னு.”

“அவரு என்ன சொன்னாரு?”

“இன்னைக்குச் சாயங்காலம் ஆளை அனுப்பிடறேன்னாரு. அவன் பொண்டாட்டி புள்ளையோட குவாரி ஷெட்டுலதான் இருக்கான். காலி பண்ணச் சொல்லிட்டாரு.”

“கழட்டுன ஃபில்டரை அறுத்துப் பார்த்தீங்களாண்ணே?”

“எதுக்குங்க? மாத்துனதும் சரியாயிருச்சே.”

நல்லசிவம் எழுந்து கை கழுவினார்.

“இன்னொரு ஃபில்டர் எடுத்துக்கங்க. போலாம்.”



குவாரியில் முதலாளி சென்னியப்பன் குடையோடு நின்றிருந்தார். வண்டியிலிருந்து இறங்கிய இருவரையும் பார்த்தார்.

“மேஸ்திரி, ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். உங்க ரெண்டு பேருல யாரு யாருக்குக் கத்துக் குடுக்கறீங்க?”

“அது அந்தந்த நாளைப் பொறுத்ததுங்க,” என்றார் நல்லசிவம்.

ஷெட்டின் வாசலில் ஒரு கயிற்றுக்கட்டில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் கட்டிய மூட்டைகள். ஆரோக்கியத்தின் மனைவி ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஆரோக்கியம் காளியண்ணனைப் பார்த்தும் பார்க்காதவன்போல் நின்றான்.

“கேஜை மாட்டுங்கண்ணே,” என்றார் நல்லசிவம். “ஆரோக்கியம், எப்பவும் போல வேலையைப் பாரு. அமுங்கும்போது நிறுத்து.”

“கடைசி வேலைங்களா?”

“எனக்குத் தெரியாதுப்பா. ஏறு.”

பொக்லைன் கல்லை அள்ளியது. நல்லசிவம் பாறை நிழலில் உட்கார்ந்து டீ குடித்தார். காளியண்ணன் கேஜையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் முள் அசையவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வெகுநேரம் கழித்து இன்ஜின் சத்தம் மாறியது. பக்கெட் பாதித் தூரம் எழும்பி நின்றுவிட்டது.

“பாருங்க மேஸ்திரி,” என்றார் காளியண்ணன். டப்பாவிலிருந்து ஃபில்டரை எடுக்கப் போனார்.

“மாத்துங்க. ஆனா என்ன செய்யறீங்களோ அதைச் சொல்லிட்டே செய்யுங்க.”

“எதுக்குங்க?”

“நானும் கத்துக்கறேன்.”

சென்னியப்பன் சிரித்தார். காளியண்ணன் சிரிக்கவில்லை.

“இன்ஜினை நிறுத்தியாச்சு. இப்ப டேங்க் மூடியைத் திறந்து டீசல் எவ்வளவு இருக்குன்னு பார்க்கறேன்.”

மூடியைத் திருகினார். உஸ் என்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.

“அதென்ன சத்தம்?” என்றார் நல்லசிவம்.

“வெயிலுங்க. டேங்க் சூடேறிக் கிடக்குது.”

“முன்ன ரெண்டு தடவையும் வந்துச்சா?”

“வந்துச்சுங்க.”

“காத்து வெளிய வந்துச்சா, உள்ள போச்சா?”

காளியண்ணன் யோசித்தார். “கவனிக்கலைங்க.”

“சரி, அதோட நிறுத்துங்க. ஆரோக்கியம், இன்ஜினைப் போடு.”

“ஃபில்டர் இன்னும் மாத்தலைங்க, மேஸ்திரி.”

“அது டப்பாவுலயே இருக்கட்டும்.”

இன்ஜின் கிளம்பியது. முள் நேராக மேலே ஏறி நின்றது. ஆரோக்கியம் பக்கெட்டைத் தூக்கினான். கல்லோடு எழும்பியது.

காளியண்ணன் கையிலிருந்த மூடியைப் பார்த்தார். பிறகு கேஜைப் பார்த்தார். மறுபடி மூடியைப் பார்த்தார்.

“அதைத் திருப்பிப் பாருங்கண்ணே.”

மூடி முழுக்க மஞ்சள் பெயிண்ட். விளிம்புக்கு அடியில், மூச்சுவிட இருக்க வேண்டிய சிறு துளையைக் காணோம். காளியண்ணன் ஒரு கம்பியால் அந்த இடத்தைக் குத்தினார். பெயிண்ட் ஏடாகப் பெயர்ந்து விழுந்தது.

“டீசல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காத்து வரணும்,” என்றார் நல்லசிவம். “வழி இல்லை. பம்ப் இழுக்குது, டேங்க் விடமாட்டேங்குது. நீங்க ஃபில்டர் மாத்த வர்றப்பெல்லாம் முதல்ல மூடியைத் திறந்தீங்க.”

ஆரோக்கியம் இறங்கி வந்தான்.

“போன வாரம் ஆயுத பூஜைக்கு அடிச்ச பெயிண்டுங்க. மூடி மேல குங்குமம் எடுப்பாத் தெரியணும்னு அதுக்கு மட்டும் ரெண்டு கை அடிச்சாங்க.”

சென்னியப்பன் குடையை மடக்கினார்.

“நாந்தான் அடிக்கச் சொன்னேன்,” என்றார். மூடியை ஒரு தடவை பார்த்தார். பிறகு, “மூடி அடைச்சிருந்துச்சு, சரி. அதுக்காக டீசல்ல கலப்படம் இல்லைன்னு ஆயிருமா மேஸ்திரி?”

“ஆகாதுங்க. பழைய ஃபில்டர் எங்கண்ணே?”

ஷெட்டுக்குப் பின்னால் போட்டிருந்த இரண்டையும் காளியண்ணன் எடுத்துவந்தார். நல்லசிவம் ரம்பத்தை அவர் கையில் கொடுத்தார். தகரத்தைச் சுற்றி அறுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உள்ளிருந்த காகித மடிப்புகளைக் காளியண்ணன் விரித்தார். அழுக்கு இல்லை. சேறு இல்லை. டீசலில் நனைந்திருந்தது, அவ்வளவுதான். இரண்டாவதையும் அறுத்தார். அதுவும் அப்படியே இருந்தது. அடியில் தேங்கியதை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெயிலில் பிடித்தார். அடியில் தண்ணீர் பிரியவில்லை.

சென்னியப்பன் டம்ளரை வாங்கிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

“ஆரோக்கியம்,” என்றார். “மூட்டையெல்லாம் உள்ள வை. ஏதோ ஒரு கோவத்துல சொல்லிட்டேன்.”

ஆரோக்கியம் நகரவில்லை.

“வைக்கறேங்க. ஆனா காலையில பக்கத்துக் குவாரிக்கு வேலை கேட்டுப் போனேன். டீசல் விக்கிற ஆளு நீதானான்னு கேட்டாங்க. இங்க நடந்தது அங்க எப்படிங்க போச்சு?”

“நான் யாருகிட்டயும் சொல்லலைப்பா,” என்றார் சென்னியப்பன்.

எல்லோரும் காளியண்ணனைப் பார்த்தார்கள். அவர் ரம்பத்திலிருந்த தகரத்தூளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“டீக்கடையில சொன்னேன்,” என்றார். “கல்லுடைக்கிற கிரஷர்லயும் கேட்டாங்க. மிஷினுக்கு என்னன்னு. சொன்னேன்.”

ஆரோக்கியத்தின் மனைவி மூட்டையிலிருந்து எழுந்தாள். கட்டிலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

காளியண்ணன் ஆரோக்கியத்தின் அருகில் போனார்.

“தப்பாப் பார்த்துட்டேன் தம்பி. மனசுல வச்சுக்காத.”

“என் மனசுல வச்சுக்கலைங்கண்ணே,” என்றான் ஆரோக்கியம். “ஊரு வச்சிருக்கு.” போய் இயந்திரத்தில் ஏறிக்கொண்டான்.

நல்லசிவம் கேஜைக் கழற்றினார். சாமான்களைப் பெட்டியில் வைத்தார். திறக்காத ஃபில்டர் டப்பாவையும் வைத்தார். காளியண்ணன் பக்கத்திலேயே நின்றார்.

“மிஷினு சரியாயிருச்சு, மேஸ்திரி.”

“ஆயிருச்சு.”

“இனி என்னங்க செய்யறது?”

நல்லசிவம் வண்டிச் சாவியை அவரிடம் நீட்டினார்.

“டீக்கடையில ஆரம்பிங்க. அப்புறம் கிரஷர். நான் பஸ்ல போய்க்கறேன்.”

காளியண்ணன் சாவியை வாங்காமல் நின்றார்.

“நான் போய்ச் சொல்லி, அவங்க நம்பலைன்னா?”

“முன்ன சொன்னப்ப நம்புனாங்களா?”

“நம்புனாங்க.”

“அன்னைக்குக் கையில என்ன கொண்டுபோய்க் காட்டுனீங்கண்ணே?”

 காளியண்ணன் குனிந்து, அறுத்த ஃபில்டர்களைப் பொறுக்கினார். பிறகு சாவிக்குக் கையை நீட்டினார்.