தலைகளை எண்ணும் கடல்நாய்

அந்தக் காலத்தில், கடல்நாய்களும் மனிதரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்தபோது, அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஊனா என்பவள் ஒரு விருந்தினர் விடுதி நடத்திவந்தாள். வருகிறவர்களுக்கு இடங்களைச் சுற்றிக் காட்டுவது மிரீன் என்ற கடல்நாயின் வேலை. படகுக்கு முன்னால் நீந்திப் போய், அலை குடைந்த குகை, செங்குத்துப் பாறையில் சிவப்பு மூக்குப் பறவைகளின் கூடுகள், நேராகக் கடலில் விழும் அருவி என்று ஒன்று விடாமல் காட்டுவாள். மழை வந்தால் அதையும் சேர்த்துக் காட்டுவாள்.

கிளம்பும்போது ஒரு தரம், திரும்பியதும் ஒரு தரம் தலைகளை எண்ணுவாள். ஒன்று குறைந்தாலும் ஊனா விடமாட்டாள்.

மிரீனுக்குப் பிள்ளை பிறந்து பத்தே நாள். ரோனான் என்று பெயர். பஞ்சு போல வெள்ளை ரோமம், நீந்தத் தெரியாது. அன்று அவனைத் துறைக்குப் பக்கத்துப் பாறையில் படுக்கவைத்து, அசையாதே என்று சொல்லிவிட்டு, படகில் ஒன்பது பேர் என்று எண்ணிக்கொண்டு கிளம்பினாள். மனசு பாறையிலேயே இருந்தது. பிள்ளை உருண்டுவிடுவானோ, கடற்பறவை கொத்திவிடுமோ. குகையைக் காட்டி அருவி என்றாள்.

திரும்பியதும் எண்ணினாள். பத்து. சரியாகத் தூங்கி நாளாச்சு, தப்பாக எண்ணியிருப்போம் என்று விட்டுவிட்டாள். குறைந்தால்தானே வம்பு.

பாறைக்கு வந்தால் பாறை மட்டும் இருந்தது.

முங்கி முங்கித் தேடினாள். பாசிக்கடியில் தேடினாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கம்மிப்போனது. அப்போது மேலே விடுதியிலிருந்து ஒரு தும்மல் கேட்டது. அந்தத் தும்மல் அவளுக்குத் தெரியும். கற்படிகளில் வயிறு தேய ஏறினாள்.

அடுப்படியில், டப்ளினிலிருந்து வந்திருந்த மில்ட்ரட் அம்மாள், சால்வையில் சுற்றிய ரோனானுக்கு உருளைக்கிழங்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மா இல்லாத புள்ள போலிருக்குன்னு கிளம்பறப்போ படகுல தூக்கி வெச்சுக்கிட்டேன், பாவம்,” என்றாள்.

“அவன் அம்மா நான், படகுக்கு முன்னாடிதாம்மா நீந்திக்கிட்டிருந்தேன்,” என்றாள் மிரீன்.

அடுப்பில் கிண்டிக்கொண்டிருந்த ஊனா கரண்டியைக் கீழே வைத்தாள். “பத்துன்னு வந்ததும் ஒரு தடவை முகத்தைப் பாத்திருக்கக் கூடாதா, மிரீன்?”

மிரீன் பிள்ளையை முகர்ந்து பார்த்தாள். உருளைக்கிழங்கு வாசனை அடித்தது. அழுகை பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது.

அன்று முதல்தான், எந்தப் படகு போனாலும் கடல்நாய்கள் தலையை நீட்டி ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்க்கின்றன. பேசினால் எண்ணிக்கை தவறும் என்று பேச்சையே விட்டுவிட்டன. அப்படியும் பாதியில் தவறிவிடுகிறது. முங்கி எழுந்து, மறுபடி முதலிலிருந்து எண்ணுகின்றன.