மூலைப் பலகை

“எச்.ஓ. எனக்கு ஆகாதுங்க மாஸ்டர். என் பேரை எடுத்துருங்க. நான் இசட்டுக்குப் போறேன்.”

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னார் சென்னியப்பன்.

டாக்டர் ஷமீமா திரும்பவில்லை. ஒருவர் வாய்க்குள் குனிந்திருந்தார்.

“இன்னும் நல்லாத் திறங்க,” என்றார்.

அது நாற்காலியில் கிடந்தவருக்கு.

சென்னியப்பன் வாயை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

போத்தனூரில் வார நாளெல்லாம் ஷமீமா பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர். சின்ன ரயில் கட்டுகிறவர்கள் ஒரு கூட்டமாக அவரிடம் வந்து கற்றுக்கொண்டார்கள். அதில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். சென்னியப்பனுக்கு அவர் மகள் வயது.

அதில் சென்னியப்பனுக்கு வருத்தமில்லை. சரக்கு யாரிடம் இருக்கிறதோ அவர் வாசலுக்குத்தான் போக வேண்டும். உக்கடத்தில் பழைய மோட்டார் வாங்கி விற்று, நாலு பேரிடம் ஏமாந்து, நாற்பது பேரிடம் அடிபட்டு ஆளானவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவருடைய ரோதனை எல்லாம் அளவைப் பற்றித்தான்.

நிஜ ரயிலை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கினால் அதற்கு எச்.ஓ. என்று பேர். கூட்டத்துக்கு அதுதான் அளவு. அதைவிடச் சின்னது ‘என்’. எச்.ஓ.வைவிடப் பெரியது ஓ. எல்லாவற்றிலும் பொடி இசட். எஞ்சினே சுண்டுவிரல் நீளம்தான்.

கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு.

ஆளுக்கு ஒரு பலகை. அதன் இரண்டு ஓரத்திலும் தண்டவாளம் எங்கே வந்து நிற்க வேண்டும் என்பது மாஸ்டர் வைத்த கணக்கு. நடுவில் மலை வைப்பதும் மில் வைப்பதும் அவரவர் பாடு. ஆடி மாதம் கல்யாண மண்டபம் காலியாகக் கிடக்கும். அப்போது எல்லாப் பலகையையும் கொண்டுபோய் ஒன்றோடொன்று முடுக்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு வண்டி விடுவார்கள்.

வண்டி எந்தப் பலகையில் கவிழ்கிறதோ அதைக் கழற்றிவிடுவார்கள்.

தொடர்ந்து மூன்று ஆடி கழற்றினால் அந்த இடம் வேறு ஆளுக்கு.

சென்னியப்பனுடையது மூலைப் பலகை. மண்டபத்தின் மூலையில் பாதை திரும்புகிற இடம். இரண்டு ஆடி கழற்றியாயிற்று. இரண்டு தடவையும் அங்கே மாஸ்டரின் மொட்டைப் பலகையைப் போட்டார்கள். புல் கிடையாது, மரம் கிடையாது, வெறும் தண்டவாளம். அதில் வண்டி வெண்ணெயாக வழுக்கிப் போனது. சென்னியப்பன் பலகை பந்திக்கூடத்தில், கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து நின்றது. வந்தவன் போனவன் எல்லாம் அதன்மேல் கையை உதறினான்.

இது மூன்றாவது ஆடி.

நாற்காலி காலியாயிற்று. மாஸ்டர் கையுறையைக் கழற்றினார்.

“ஏனுங்கண்ணா, இசட்டு எதுக்கு?”

“எச்.ஓ.வுல எடம் பத்தறதில்லீங்க. வளைவுக்கு வந்தா வண்டி படுத்துக்குது.”

“முன்னாடி என்னுக்குப் போனீங்களே?”

“அது ரொம்ப லேசுங்க. ஊதுனா விழுந்துருது.”

“அப்புறம் ஓவுக்கு?”

“அது கனமுங்க. ஊதாமயே விழுது.”

“இசட்டு?”

“லாரன்சு கொண்டாந்திருக்கான். ஒரு சூட்கேசுக்குள்ள ஊரையே அடக்கிரலாமுங்க. எடத்துக்குச் சண்டையே கெடையாது.”

லாரன்ஸ் பழைய சின்ன ரயில் சாமான் வாங்கி விற்கிறவன். சென்னியப்பன் எப்போதெல்லாம் வளைவில் தோற்றாரோ, அப்போதெல்லாம் எப்படியோ மோப்பம் பிடித்து அவர் வீட்டுக் கதவைத் தட்டுவான். அவனிடம் பேரம் பேசி ஜெயிப்பதில் சென்னியப்பனுக்கு ஒரு சுகம். வளைவில் வாங்கிய அடிக்கு அது ஒத்தடம்.

“சரிங்கண்ணா,” என்றார் மாஸ்டர். “பேரை எடுத்துடறேன்.”

சந்தையில் கேட்ட விலைக்கே மாட்டை அவிழ்த்துக் கொடுக்கிறவனைப் பார்த்தால் வாங்குகிறவன் மாட்டின் பல்லை இன்னொரு தடவை பிடித்துப் பார்ப்பான். சென்னியப்பன் மாஸ்டர் முகத்தை இன்னொரு தடவை பார்த்தார்.

“எடுக்கறதுக்கு முந்தி, மூணு பலகையையும் ஞாயித்துக்கிழமை கொண்டு வாங்க.”

“எதுக்குங்க?”

“பாக்கலாம்.”

*

மூன்றும் குட்டியானை லாரியில் வந்து இறங்கின.

எச்.ஓ. ஒன்று. மடியில் வைத்துக்கொள்ளலாம் போல ‘என்’ ஒன்று. வீட்டுக் கதவைப் பெயர்த்துக்கொண்டு வந்த மாதிரி ஓ ஒன்று. நோயாளிகள் உட்காரும் கூடத்தில் வரிசையாகப் போட்டார் சென்னியப்பன்.

மூன்றும் ஒரே மூலை. மூன்றிலும் வளைவுக்கு உள்பக்கம் ஒரே மூன்று மாடிக் கடை. நெற்றியில் ‘சென்னியப்பன் மோட்டார்ஸ்’. வாசலில் மோட்டார்கள், என்-னில் கடுகாகவும் எச்.ஓ.வில் மிளகாகவும் ஓவில் சுண்டைக்காயாகவும்.

“கடை எப்படிங்க மாஸ்டர்?”

“லைட்டெல்லாம் எரியுதே.”

“நெசக் கடை இன்னும் ஒத்தை மாடிதானுங்க. இதுல ஏத்திப்போட்டேன்.”

மாஸ்டர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பல் அடைத்த பிறகு கடித்துப் பார்க்கச் சொல்லி வைப்பார்களே, அந்த நீலத் தாள். எந்த இடம் முட்டுகிறதோ அங்கே மை ஒட்டும்.

அதை எச்.ஓ. எஞ்சினின் சக்கரங்களில் நன்றாகத் தேய்த்தார். எஞ்சினைப் பாதையில் வைத்து ஒரு விரலால் தள்ளினார்.

தண்டவாளத்தில் நீலக் கோடு விழுந்துகொண்டே போனது. நேர்ப்பாதையில் உள் ஓரத்தை ஒட்டியே ஒழுக்கமாகப் போனது. வளைவில், கடையின் முனைக்கு வந்ததும் தண்டவாளத்தின் தலைமேல் ஏறியது. ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது.

எஞ்சின் படுத்துக்கொண்டது.

மாஸ்டர் ‘என்’ பலகைக்குப் போனார். கோடு கடை முனையில் ஏறியது.

ஓ பலகைக்குப் போனார். கடை முனையில் ஏறியது.

தாளைக் குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

சென்னியப்பன் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். மூன்று பலகைக்கும் நடுவே முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்து பார்த்தார்.

“மாஸ்டர்.”

“சொல்லுங்கண்ணா.”

“வளைவு இறுக்கமுங்க.”

“ஆமாண்ணா.”

“சித்தெ தளர்த்தினாப் போதும்.”

“எந்தப் பக்கம் தளர்த்துவீங்க?”

வெளிப்பக்கம் பலகை முடிந்துவிட்டது. உள்பக்கம் கடை.

“கடையை ஒரு விரக்கடை தள்ளிக்கறேன்.”

மாஸ்டர் துண்டில் கையைத் துடைத்தார்.

“ரெண்டு விரக்கடை.”

துடைத்துக்கொண்டே இருந்தார்.

“சரி, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், மூணு. அதுக்கு மேல முடியாதுங்க, பின்னால கொடவுன் இருக்குது.”

“என்கிட்ட எதுக்குண்ணா பேரம்?” மாஸ்டர் கவிழ்ந்து கிடந்த எச்.ஓ. எஞ்சினை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். “இதுகிட்டப் பேசிப் பாருங்க.”

சென்னியப்பனுக்குச் சுர்ரென்று மண்டைக்கு ஏறியது.

“ஏனுங்க, வயசானவனை வெச்சு வெளையாடறீங்களா? நான் பாக்காத யாவாரமா? நான் பேசி எறங்காத ஆளு இந்தக் கோயமுத்தூருல உண்டா?”

“பேரை எடுத்துடட்டுமா?”

“ஒரு மயி… ஒண்ணும் எடுக்க வேண்டாம்!”

கூடம் அதிர்ந்தது. மாடியில் யாரோ சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

எச்.ஓ. பலகையை மட்டும் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். மற்ற இரண்டும் கூடத்திலேயே கிடந்தன.

*

பேசிப் பார்த்தார்.

கடையை ஒரு விரக்கடை தள்ளி, தண்டவாளத்தைப் பெயர்த்து மறுபடி பதித்தார். வண்டி கவிழ்ந்தது.

“திமிரா உனக்கு?” என்றார்.

இரண்டு விரக்கடை. எஞ்சின் தப்பியது. அதன் வாலைப் பிடித்து வந்த பெட்டி கவிழ்ந்தது.

கொடவுனை உடைத்துவிட்டு மூன்று விரக்கடை. எல்லாம் தப்பிக் கடைசிப் பெட்டி கவிழ்ந்தது. அது போகிற போக்கில் மற்ற பெட்டிகளையும் இழுத்துப் போட்டது.

மெதுவாக விடுகிறேன் என்றார். மெதுவாகவே கவிழ்ந்தது. பெட்டியைக் குறைத்துக்கொள்கிறேன் என்றார். சொன்ன பிறகுதான் உறைத்தது: மண்டபத்தில் வருவது மாஸ்டர் விடுகிற வண்டி. சென்னியப்பன் வீட்டு மூலை வருகிறதென்று அது நாலு பெட்டியைக் கழற்றிவிட்டு வராது.

பூட்டிய கடையையே பேசித் திறக்க வைப்பான் என்று உக்கடத்தில் அவருக்குப் பேர். இந்த வளைவு மட்டும் முதல் விலையைச் சொல்லிவிட்டு ஊமையாய் உட்கார்ந்திருந்தது.

அவர் மனைவி துளசிமணி கூட்டிக்கொண்டே உள்ளே வந்தாள்.

“யாருகிட்டங்க இவ்வளவு நேரமாச் சண்டை?”

“வளைவுகிட்ட.”

“என்ன சொல்லுது?”

“ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்குது.”

“நீங்க பேசறப்ப யாருதான் பேச முடியும்?” என்று சொல்லிவிட்டுக் காலைத் தூக்கச் சொன்னாள்.

தூக்கவில்லை. சென்னியப்பன் அவள் கையிலிருந்த விளக்குமாற்றையே பார்த்தார். அதிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவினார்.

“அட, ஏனுங்க அதைப் பிரிக்கறீங்க?”

வண்டி நுழைகிற ஓரத்தில் குச்சியின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். வெளியேறுகிற ஓரத்தில் மறுமுனையை அவர் பிடித்தார். நடுவில் குச்சியை அதன் பாட்டுக்கு விட்டார்.

குச்சி வளைந்தது. எங்கும் ஒடியவில்லை, எங்கும் முறுக்கவில்லை. அம்மன் கழுத்து ஆரம் போல நிதானமாக வளைந்து படுத்தது.

அது கடையின் முன்வாசலில் நுழைந்து, கல்லாவின் மேலே ஏறி, பின்பக்க அட்டைச் சுவரைக் குத்திக்கொண்டு போனது.

துளசிமணி தன் முனையை விடாமலே குனிந்து பார்த்தாள்.

“மூணாவது மாடியை மட்டும் எடுத்தாப் போதாதுங்களா?” என்றாள் துளசிமணி.

சென்னியப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருஷமாகத் தன்னோடு குடும்பம் நடத்தியவள் என்பது தெரிந்தது.

“பிளேடை எடு புள்ள.”

*

தண்டவாளத்தைக் குச்சி படுத்த தடத்தில் பதித்தார். ஈயம் பற்றவைக்கும்போது இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டார். சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு மறுகையால் பற்றவைத்தார். கவிழ்ந்தால் பெயர்த்தார். பெயர்த்ததை மறுபடி பதித்தார். லாரன்ஸ் வந்து கதவைத் தட்டியபோது உள்ளே இருந்துகொண்டே ஆள் இல்லை என்று கத்தினார்.

ஆடி ஞாயிறு. மண்டபத்தில் பலகைகளை முடுக்கினார்கள். மூலையில் அவர் பலகை. அதற்குக் கீழேயே மொட்டைப் பலகை தயாராகக் கிடந்தது.

“ஏனுங்ணா, முழுசா முடுக்கட்டுமா, இல்லெ கழட்டறதுக்குத் தோதா அரைகுறையா விடட்டுமா?” என்றார் ஸ்பானர் பிடித்தவர்.

நாலு பேர் சிரித்தார்கள்.

“நரம்பு தெறிக்க முடுக்குங்,” என்றார் சென்னியப்பன்.

மாஸ்டர் வந்து மூலையில் நின்றார். வளைவுக்கு உள்பக்கம் வெறும் செம்மண். அதைப் பார்த்தார். சென்னியப்பனைப் பார்த்தார்.

“இங்க என்ன வைக்கப் போறீங்கண்ணா?”

“தெரியலீங்க.”

மாஸ்டர் தலையாட்டிவிட்டு அந்தக் கோடிக்குப் போனார். பச்சைக் கொடி அசைந்தது.

வண்டி கிளம்பியது. மலையைத் தாண்டியது. யாரோ கட்டிய பாலத்தைத் தாண்டியது. நீளமான வண்டி. வால் இன்னும் பாலத்தில் இருக்கும்போதே தலை மூலைக்கு வந்துகொண்டிருந்தது.

சென்னியப்பன் குனிந்து, கன்னம் பலகையில் படுகிற மாதிரி தலையை வைத்துக்கொண்டார்.

தோளை யாரோ தொட்டார்கள். லாரன்ஸ். கையில் ஒரு சின்ன சூட்கேஸ்.

“அண்ணா, இசட்டுங்கண்ணா. அங்க ஒருத்தர் இப்பவே குடுன்னு நிக்கறாரு. நீங்க நம்ம ஆளு. வெலையை நீங்களே சொல்லுங்க, மறுபேச்சுப் பேச மாட்டேன்.”

அவர் ஆயுசில் எந்த வியாபாரியும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை.

எஞ்சின் திரும்பியது. முதல் பெட்டி திரும்பியது.

“அண்ணா? கேக்குதுங்களா?”

“நகர்ரா அக்கட்டால. வண்டி வளைவுல இருக்குது.”