மூட்டு கிடைக்காத நாற்காலி

சேர்வராயன் மலையடிவாரத்தில் ஒரு சிறிய மடம். அதை நடத்திவந்தவர் வடிவாம்பாள் என்கிற துறவி. வயது ஐம்பதைத் தொடவில்லை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த அர்த்தநாரி அவரைவிட மூத்தவர். சேலத்தில் மருந்துக்கடை வைத்திருந்து, மகன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தவர்.

கடையில் இருந்த காலத்தில், மருந்து வாங்கிப் போனவர் பின்னாலேயே தெருமுனை வரை ஓடுவாராம். சரியான மாத்திரையைத்தான் கொடுத்தோமா என்று ஒருமுறை வாங்கிப் பார்த்தால்தான் அவருக்கு மூச்சு வரும். அந்தப் பதற்றத்தை இறக்கி வைக்கத்தான் மடத்துக்கு வந்தார். அது அவருக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

மடத்தில் நாற்காலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்குக் கிடைத்தது. மலையேற வந்து, பக்கத்துப் புல்வெளியில் கூடாரம் போட்டுத் தங்கிய சிலர், ஊருக்குத் திரும்பும்போது தங்கள் மடக்கு நாற்காலிகளை மடத்துக்கே விட்டுப் போயிருந்தார்கள். இரும்புக் குழாய்க் கால்கள் பெருக்கல் குறி போலக் குறுக்கே வெட்டிக்கொள்ளும். அவற்றின் மேல் பச்சைத் துணி தொட்டில் மாதிரித் தொங்கும். மடக்கினால் குடையைப் போலத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். கைப்பிடியில் டம்ளர் வைக்க ஒரு வலைப்பை இருந்தது. மாலைக் கூட்டத்துக்கு வருகிற முட்டிவலிக்காரர்கள் அதில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுவைப்பார்கள்.

ஒருநாள் மாலை வடிவாம்பாள் பேசிக்கொண்டிருக்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம். பக்கத்து ஊர் பவுனாயி நாற்காலியோடு தரையில் கிடந்தார். எழுபது வயதுக்காரி. தூக்கி நிறுத்தினார்கள். எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் மணிக்கட்டு பிசகிப் பூரி மாதிரி வீங்கிவிட்டது.

நாற்காலிக் கால்கள் குறுக்கே சேரும் இடத்தில் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் மூட்டு இருக்கும். அது வெயிலில் காய்ந்து இரண்டாகப் பிளந்திருந்தது.

"காலையிலதானுங்கம்மா துடைச்சு வெச்சேன்," என்றார் அர்த்தநாரி. "என் கண்ணுல படலீங்களே."

வடிவாம்பாள் பவுனாயியின் கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அர்த்தநாரி எல்லா நாற்காலிகளையும் வெயிலில் பரப்பி, மூட்டு மூட்டாக நகத்தால் கீறிப் பார்த்தார். முடியளவு கோடு தெரிந்தாலும் விரிசலோ என்று மறுபடி கீறினார். கடைசியில் உடைந்ததைப் பையில் போட்டுக்கொண்டு சேலத்துக்கு பஸ் ஏறினார்.

முகாம் சாமான் விற்கிற கடையில் இருந்தவர் மூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குத் தனியா பார்ட்ஸ் வராதுங்க. நாற்காலியோடதான் வரும்."

"எழுதிக் கேட்டா அனுப்ப மாட்டாங்களா?"

"யாருக்குங்க எழுதுறது? மேல ஒரு பேரு கூட இல்லையே. புதுசு எடுத்துக்கோங்க."

"புதுசுல இருக்கிற மூட்டு உடையாதுங்களா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "அதுவும் பிளாஸ்டிக்தானேங்க?"

இரும்புக்கடையில் போல்ட் இருந்தது, மூட்டு இல்லை. பிளாஸ்டிக் குழாய் விற்கிற கடையில் அதே போல ஒன்று இருந்தது. ஆனால் துளை பெரிது, கால் உள்ளே ஆடியது. மத்தியானத்துக்கு மேல் பழைய சாமான் கடை ஒன்றைத் தேடிப் பிடித்தார். அங்கே ஒரு மூலையில் அதே மாதிரி நாற்காலிகள் எலும்புக்கூடுகளாகக் குவிந்து கிடந்தன.

"எல்லாமே ஏதோ ஒண்ணு உடைஞ்சுதான் இங்க வந்துச்சுங்க," என்றாள் கடைக்காரி. "மூட்டு முழுசா இருந்தா கழட்டிக்கிட்டுப் போங்க."

நான்கு நல்ல மூட்டுகள் கிடைத்தன. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இது எத்தனை வருஷம் வெயிலில் கிடந்ததோ, எத்தனை கனமானவர்களைத் தாங்கியதோ என்று ஏற்காடு பிரிவு வரை அதே நினைப்பு.

மடத்தில் பழைய ரிவெட் ஆணியைத் துளைத்து எடுத்தார். மூட்டைப் பொருத்தி, புது போல்ட் போட்டு, வாஷர் வைத்து நட்டை முடுக்கினார். ரொம்ப முடுக்கினால் பிளாஸ்டிக் நெரியும், தளர்த்தினால் கால் ஆடும். முடுக்குவதும் தளர்த்துவதுமாக ஒரு பகல் முழுக்கப் போயிற்று. அப்புறம் நாற்காலியின் மேல் அரிசி மூட்டையை ஏற்றி வைத்தார். மூட்டையின் மேல் இன்னொரு மூட்டை. பக்கத்திலேயே குந்திக்கொண்டு காதைக் கொடுத்துக் கேட்டார். லேசாக 'கிறீச்' என்றது. இறக்கிவிட்டு நட்டைக் கழற்றி மறுபடி போட்டார்.

சமையல்கட்டுக்கு அரிசி எடுக்க வந்தவர்கள் அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அந்த வாரம் மாலைக் கூட்டத்துக்கு நாற்காலி ஒன்றுகூட வெளியே வரவில்லை. எல்லாவற்றையும் சாமான் அறையில் வைத்துப் பூட்டியிருந்தார். வயசானவர்கள் வேப்ப மரத்தில் சாய்ந்தும், கால் மாற்றிக் கால் நின்றும் கேட்டார்கள். சிலர் பாதியிலேயே கிளம்பிப் போனார்கள்.

கையில் கட்டோடு பவுனாயியும் வந்திருந்தார்.

"தம்பி, சேர் எங்கே?"

"இன்னும் சரியாகலைங்க பாட்டி."

"சரி பண்ணியாச்சுன்னாங்களே?"

"பண்ணியாச்சு. ஆனா சரியாகலை."

பவுனாயி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கீழே உட்கார்ந்தா நாலு பேர் தூக்கணும். நின்னா கால் கடுக்குது. எந்த வம்பும் வேண்டாம்னா நான் வீட்டுல இருக்கேன்." திரும்பி மெதுவாக நடந்தார்.

வடிவாம்பாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "பாட்டியை நிறுத்தி, சமையல்கட்டுல இருந்து ஸ்டூலைக் கொண்டாந்து போடுங்க," என்றார் ஒருவரிடம். அப்புறம் அர்த்தநாரியிடம் வந்தார்.

"சாவி எங்கேங்க?"

"இருக்குங்கம்மா."

"தொறக்கலையா?"

"உடையாதுன்னு நிச்சயமாத் தெரிஞ்சதும் தொறந்துடறேங்கம்மா."

"எப்போ தெரியும்?"

"இன்னும் ரெண்டு நாள் அரிசி மூட்டையை வெச்சுப் பார்த்துட்டு..."

"ரெண்டு நாள் கழிச்சு?"

"தெரியலீங்கம்மா. எத்தனை நாள் பார்த்தாலும் மனசு அடங்க மாட்டேங்குது. பாட்டி விழுந்த சத்தம் காதுலயே நிக்குது. இன்னொருத்தர் விழுந்தா என்னால தாங்க முடியாதுங்க. என்ன பண்ணினா இந்த பயம் போகும்?"

வடிவாம்பாள் கையை நீட்டினார். அவர் சாவியைக் கொடுத்தார்.

பழுதுபார்த்த நாற்காலியை வடிவாம்பாளே எடுத்து வந்து, கூட்டத்துக்கு நடுவில் விரித்தார். வழக்கமாக அவர் தரையில் பாய் போட்டு உட்காருகிறவர். அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வேண்டாங்கம்மா!" என்றார் அர்த்தநாரி.

"நீங்க எங்கே நிக்கணுமோ அங்கே நில்லுங்க."

அவர் ஓடிப்போய் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

வடிவாம்பாள் பேசத் தொடங்கினார். அர்த்தநாரிக்கு ஒரு வார்த்தையும் ஏறவில்லை. கண் முழுக்க அந்தக் கறுப்பு மூட்டின் மேல்தான் இருந்தது. வடிவாம்பாள் கை அசைத்தால் நாற்காலி அசைந்தது. சிரித்தால் நட்டு மினுங்கியது. மூட்டு அசையாமல் இருந்தது. நேரம் போகப் போகவும் அப்படியே இருந்தது. ஒருவழியாக அர்த்தநாரி மூச்சை விட்டார்.

அப்போது 'பர்ர்' என்று கிழிந்தது.

மூட்டு அல்ல, துணி. குழாயில் கோத்திருந்த மூலையில் தையல் இற்றுப்போய், பச்சைத் துணி ஒரே இழுப்பில் பிரிந்தது. நாற்காலி பக்கவாட்டில் சாய, வடிவாம்பாள் பின்னால் சரிந்தார். கூட்டம் "ஐயோ" என்றது. அர்த்தநாரி எப்போது குனிந்தார், எப்படிக் கை நீட்டினார் என்று அவருக்கே தெரியாது. வடிவாம்பாளின் தோள்கள் இரண்டும் அவர் கைகளில் இருந்தன. தலை அவர் நெஞ்சில் முட்டி நின்றது.

வடிவாம்பாள் அப்படியே சாய்ந்தபடி, விட்ட இடத்திலிருந்து பேச்சை எடுத்து முடித்தார். ஸ்டூலில் இருந்த பவுனாயி முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

கூட்டம் கலைந்தது. அர்த்தநாரி கிழிந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மூட்டு ஒண்ணையே பார்த்துக்கிட்டிருந்தேனுங்க. துணியைப் பார்க்கணும்னு தோணவே இல்லை."

"ம்."

"துணியை மாத்தினா, அப்புறம் கால் முறியும். காலை மாத்தினா வேற ஏதாவது. அடுத்தது எது உடையும்னு எப்படிங்கம்மா தெரிஞ்சுக்கிறது?"

வடிவாம்பாள் துணியை வாங்கி, கிழிந்த ஓரத்தை விரலால் அளந்து பார்த்தார்.

"தெரியாதுங்க," என்றார். "விழுந்தா பிடிக்க ஆள் இருக்கு. துணிதான் இல்லை. நாளைக்குச் சேலம் போறீங்களா?"